யூன் வகுப்புக்குப் போகாத கோடை

கோடை விடுமுறை விட்டால்தான் எங்கள் சந்தில் பிள்ளைகள் சத்தம் கேட்கும். சீனாவின் தெற்கே டொங்குவானில் செருப்புத் தொழிற்சாலைகளும் பொம்மைத் தொழிற்சாலைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பக்கம் அது. பெற்றவர்கள் நாங்கள் இங்கே. பெற்றதெல்லாம் ஊரில், தாத்தாவிடமோ சித்தப்பாவிடமோ இருக்கும். ஜூலை பிறந்ததும் எங்கள் ஊர்ப்பக்கமான குவாங்ஷியிலிருந்து வரும் பேருந்துகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள்தான். தோளில் பள்ளிப் பை, கையில் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த உப்புக்கண்டம், முகத்தில் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடும் பார்வை.

மெய்ஃபெங்கின் மகள் யூனும் அப்படித்தான் வந்து இறங்கினாள். பன்னிரண்டு வயது. ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டு நடுநிலைப் பள்ளிக்குப் போகவேண்டியவள். மெய்ஃபெங் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்துத் தையல் மெஷின், வீட்டில் பக்கத்து அறை. அவள் புருஷன் வடக்கே எங்கோ பாலம் கட்டும் வேலையில் இருந்தான். புத்தாண்டுக்குத்தான் வருவான். அதனால் பெண்ணை அழைத்துவர அவளோடு நான் போயிருந்தேன்.

யூன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். “போன்ல பாக்கறப்ப குண்டா இருந்தியேம்மா!”

“போன்ல மூஞ்சி மட்டுந்தானடி தெரியும். மிச்சத்த நீயே கற்பனை பண்ணிக்கிட்ட” என்று மெய்ஃபெங் சிரித்தாள். பையை வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெண் வருவதற்கு முன்பே மெய்ஃபெங் அந்த விடுமுறையை அளந்து, வெட்டி, தைத்து வைத்திருந்தாள். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருந்தது. அங்கே காலையில் கணக்கு, மத்தியானம் ஆங்கிலம். அதற்காகவே வசந்த காலம் முழுக்க ஓவர்டைம் பார்த்தாள். யூன் வந்த அன்று மூன்று பேரும் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

“லீவு விட்டா நான் கரும்புக் காட்டுலதான் கெடப்பேன். பள்ளிக்கூடம் தொறக்கறப்ப மத்த புள்ளைங்க ரெண்டு பாடம் முன்னாடி நிக்கும். அப்படியே பின்தங்கிப் பின்தங்கித்தான் இந்த மெஷின் முன்னாடி வந்து உக்காந்தேன். நீ அப்படி ஆகக் கூடாது. ஒரு நாளக்கூட வீணாக்காத.”

“ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டாள் யூன்.

“ஞாயித்துக்கிழமையும் இங்கிலீஷ் இருக்கு. எல்லாத்துக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்.”

யூன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், வந்த புள்ள ரெண்டு நாள் தூங்கட்டுமேடி” என்றேன்.

“வெய் அக்கா, தூங்கறதுன்னா ஊர்லயே தூங்கியிருப்பா” என்று மெய்ஃபெங் என் வாயை அடைத்தாள்.

அந்த டியூஷன் எப்படி இருந்தது என்று யூன் பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆசிரியர் இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கத்துவாராம். கணக்கில் அவளுக்குச் சிரமம் இல்லை. பாதிக்கு மேல் ஊரிலேயே படித்ததுதான். ஆங்கில வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது, அவளுடைய குவாங்ஷி இழுவையைக் கேட்டுப் பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டாலே இழுத்து இழுத்துத்தான் கூப்பிட்டார்களாம். அம்மாவிடம் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அம்மா வேலை முடிந்து வரும்போது கண்கள் சிவந்திருக்கும். “கிளாஸ் எப்படி?” என்பாள். “நல்லாருக்கு” என்பாள் மகள். சாப்பிட்டுக்கொண்டே தாய் தூங்கி வழிவாள். அம்மாவோடு இருக்க வந்தவளுக்கு அம்மா அவ்வளவுதான் கிடைத்தாள்.

ஒரு காலை யூன் வகுப்புக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில், நடைபாதையைப் பார்த்த ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, உங்கிட்ட சாவி இருக்கா?”

கம்பிக்குப் பின்னால் ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் தெரிந்தன. பக்கத்தில் கதவு. கதவில் வெளியே பூட்டு.

“எந்தச் சாவி?”

“இந்தக் கதவு சாவி.”

“உங்க வீட்டுச் சாவி எங்கிட்ட எப்படிடா இருக்கும்?”

“எல்லார்கிட்டயும் கேட்டுப் பாக்கறேன். யார்கிட்டயாவது இருக்கும்ல?”

யூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன் பேரென்ன?”

“துவான்துவான்.”

“துவான்துவான்னா உருண்டைன்னுல்ல அர்த்தம்? நீ ஒல்லியால்ல இருக்க!”

“சின்னப் புள்ளையில உருண்டையா இருந்தேன்.”

“இப்ப பெரியாளாயிட்டியோ?”

“ஆமா. நாலு வயசு.” சொல்லிவிட்டு, கம்பி வழியாக ஒரு வேர்க்கடலையை நீட்டினான். “இந்தா. நாளைக்கும் வா.”

அவன் அம்மா சுன்யான் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மற்ற மாதங்களில் பையன் தெருமுனையிலிருந்த மழலையர் பள்ளிக்குப் போவான். கோடை வந்தால் அதையும் மூடிவிடுவார்கள். வேலைக்கு விடுமுறை கிடையாதே. காலையில் சோறு, தண்ணீர், மின்விசிறி, ஒரு பழைய போனில் கார்ட்டூன் எல்லாம் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவாள். எங்கள் சந்தில் அப்படிச் செய்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

யூன் அன்றைக்கு வகுப்புக்குப் போனாள். மறுநாளும் போனாள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், இந்நேரம் அவன் யாரிடம் சாவி கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பே ஓடியதாம். அதற்கடுத்த நாள் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்ததில் காலை வகுப்பே போய்விட்டது. மத்தியானம் மட்டும் போய் என்ன என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

டியூஷன் சென்டரில் கொடுத்திருந்தது, மெய்ஃபெங் மகளுக்கென்று கொடுத்த பழைய போனின் எண். அதிலிருந்தே யூன், அம்மா எழுதுவதுபோல, ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சில நாள் வர மாட்டாள்’ என்று செய்தி அனுப்பினாள். சாயங்காலம் அம்மா வருவதற்கு முன் மேலே ஏறிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள்.

பகலெல்லாம் அந்த ஜன்னலடியில்தான். ஒரு கயிற்று வளையத்தை விரல்களில் மாட்டி விதவிதமாகப் பின்னும் விளையாட்டு உண்டல்லவா, அதைக் கம்பி வழியாகவே விளையாடினார்கள். இவள் பின்னி நீட்டுவாள், அவன் சின்ன விரல்களால் எடுப்பான். முதலில் எல்லாம் அவிழ்ந்து போகும், போகப் போக நிற்கும். தன் கணக்குகளை அங்கேயே உட்கார்ந்து போடுவாள். அவன் ஆசிரியர்போல, “தப்பு! மறுபடி போடு!” என்று அதட்டுவான். தன் மதியச் சோற்றைக் கீழே கொண்டுவந்து அவனோடு சேர்ந்து சாப்பிடுவாள்.

ஒருநாள் யூன் கேட்டாளாம். “உன்ன இப்படிப் பூட்டி வெக்கறத வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லட்டுமா?”

பையன் பயந்துவிட்டான். “வேணாங்க்கா! சொன்னா போலீஸ் வந்து அம்மாவப் புடிச்சிட்டுப் போயிடும். அம்மா சொல்லிச்சு. நான் இங்க இருக்கறது ரகசியம். உங்கிட்ட சாவி மட்டுந்தான் கேட்டேன்.”

அதனால் யூனும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வெயில் கொளுத்தியது. ஒருநாள் காலையிலேயே எங்கள் சந்துக்கு மட்டும் மின்சாரம் போய்விட்டது. எங்கோ கம்பி மாற்றுகிறார்கள் என்றார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிற ஆண்களெல்லாம் புழுக்கம் தாங்காமல் எழுந்து சூப்பர் மார்க்கெட் ஏசிக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா ஹோ எங்கோ மாஜோங் காயாட்டம் ஆடப் போயிருந்தாள். கட்டடமே காலி.

துவான்துவான் அறையில் காற்றுக்கு அந்த ஒரு ஜன்னல்தான். மத்தியானத்துக்குள் அவன் பேச்சு குறைந்துவிட்டது. கயிறு வேண்டாம் என்றான். பிறகு வாந்தி எடுத்தான். யூன் மேலே ஓடி ஒரு கிண்ணம் தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை. தரையில் சாய்ந்து, சிவந்த முகத்தோடு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வியர்வைகூட இல்லை. அவள் கிண்ணத்துத் தண்ணீரை எட்டியமட்டும் அவன்மேல் ஊற்றினாள். துண்டை நனைத்து உள்ளே வீசினாள். “துவான்துவான்! அத எடுத்து மூஞ்சில போட்டுக்கடா!” கத்தினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பூட்டை இழுத்துப் பார்த்தாள். செங்கல்லால் அடித்துப் பார்த்தாள். செங்கல்தான் உடைந்தது. மாடிக்கு மாடி ஓடிக் கதவுகளைத் தட்டினாள். யாரும் இல்லை. அம்மாவின் போனுக்கு அடித்தாள். வேலை நேரத்தில் எங்கள் போனெல்லாம் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். போலீசைக் கூப்பிடலாம் என்று எண்ணை அழுத்தவும் போனாளாம். பையன் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டாள். சுன்யான் எந்தத் தொழிற்சாலை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த தொழிற்சாலை ஒன்றே ஒன்று. அங்கே போனால், வகுப்பில் இருக்கவேண்டியவள் இங்கே எப்படி என்ற கேள்வி வரும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓடினாள்.

வாசல் செக்யூரிட்டி முதலில் விடவில்லை. “லைன்ல இருக்கறவங்களக் கூப்பிட முடியாது பாப்பா. சாயங்காலம் வா.”

“சாயங்காலத்துக்குள்ள அவன் செத்துருவான்!” என்று அவள் கூவியதில் அந்த மனிதர் மிரண்டு, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார்.

மெஷின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது வரிசைக்கு நடுவில் யூன் நின்றாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அவளைப் பார்த்ததும் மெய்ஃபெங்கின் முகம் மாறிவிட்டது.

“கிளாஸ்ல இல்லாம இங்க என்னடி பண்ற?”

“அம்மா, ரெண்டாவது மாடில ஒரு சின்னப் பையன். உள்ள வச்சுப் பூட்டிட்டு அவங்கம்மா வேலைக்குப் போயிட்டாங்க. கரண்ட் இல்ல. வாந்தி எடுத்தான். இப்ப கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கறான். பூட்டு உடைய மாட்டேங்குதும்மா.”

ஏன், எப்படி, உனக்கெப்படித் தெரியும் என்று பத்துக் கேள்வி கேட்டிருக்கலாம். மெய்ஃபெங் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினாள். மெக்கானிக் மேசைக்குப் போனாள். அங்கே கிடந்த பெரிய சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சூப்பர்வைசர் லுவோ குறுக்கே வந்தார். “ஏய், எங்க போற? லைன் நிக்குது பாரு!”

“நிக்கட்டும்” என்றாள். அவர் கையைப் பிடிக்க வந்தார். சுத்தியலைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

பூட்டு உடையவில்லை. அவள் அடித்த அடியில் கதவுக் கொண்டியே மரத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே அனல். மெய்ஃபெங் பையனை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கடைத்தெரு மருத்துவமனை வரைக்கும் என்னிடம் தரவே இல்லை. நான் கேட்டபோதும், “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றே சொல்லிக்கொண்டு ஓடினாள். யூன் ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் ஓடினாள். அவன் காலைப் பிடித்துக்கொண்டு, “இதோ வந்துட்டோம், வெளிய வந்துட்ட பாரு” என்று பேசிக்கொண்டே வந்தாள்.

சூடு தாக்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெயில் சாயும் நேரத்தில் பையன் கண்ணைத் திறந்தான். ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு யூனைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

“சாவி கெடச்சிருச்சா?”

அதுவரைக்கும் கலங்காத பெண், அப்போதுதான் விசும்பி அழுதாள்.

சுன்யானுக்கு யாரோ தகவல் சொல்லி அவள் வந்து சேர்ந்தாள். சட்டைக் கையெல்லாம் பொம்மை முடி ஒட்டியிருந்தது. உள்ளே நுழையும்போதே, “கதவ யாரு உடைச்சாங்க? போலீசா?” என்றாள். மகனைக் கண்டதும், “தண்ணி குடிடான்னு சொல்லிட்டுத்தானே போனேன்! ஏண்டா குடிக்கல? ஏண்டா?” என்று அவனைத் திட்டினாள். திட்டிக்கொண்டே கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களில் அவளைச் சொல்லும் யோக்கியதை யாருக்கு இருந்தது?

கொஞ்சம் தேறியதும் யூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தினம் அவன்கூடப் பேசினது நீயாம்மா? ராத்திரி வந்தா, சாவியக்கா இத சொன்னா, சாவியக்கா அத சொன்னான்னு சொல்லுவான். தனியா கெடந்து கெடந்து புள்ள ஏதோ கற்பனை பண்ணிக்குதுன்னு நெனச்சேன்.”

மெய்ஃபெங் அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தாள். “தினமுமா?” என்றாள். யூன் தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகை. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும். அன்று இரவு சாப்பாடு ஆனதும், மகளின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெய்ஃபெங் ஆரம்பித்தாள்.

“எம் பேர்ல மெசேஜ் அனுப்பியிருக்க. தெனம் எங்கிட்ட நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்லியிருக்க. ஊசிக்கண்ணப் பாத்துப் பாத்து என் கண்ணு எரியுதுடி. எதுக்கு? நீ மாடிப்படியில உக்காந்து கயிறு விளையாடவா?”

“அவன் தனியா இருந்தான்மா.”

“எத்தனையோ புள்ளைங்க தனியா இருக்கு. எல்லாத்துக்கும் நீ போய் உக்காருவியா?”

“நான் தனியா இருக்கறப்ப யாராவது வந்து உக்காந்தா நல்லாருக்கும்னு தோணும். அதான் உக்காந்தேன்.”

“தாத்தா இருக்காரு. சித்தப்பா வீடு இருக்கு. நீ என்னத்த தனியா?”

“இருக்காங்க. ஆனா அவங்க எனக்குன்னு இல்லையேம்மா.”

பிறகு மெய்ஃபெங்கின் குரல் வேறு மாதிரி வந்தது.

“உன்னையும் நான் பூட்டி வச்சிட்டுப் போயிருக்கேன், யூன்.”

“எப்ப?”

“உனக்கு மூணு வயசு. ஆத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து கதவத் தள்ளறேன், தெறக்க மாட்டேங்குது. கதவுக்குக் கீழ இருக்கற இடுக்குல விரல விட்டுக்கிட்டு அங்கயே படுத்துத் தூங்கிட்டிருந்த. விரலெல்லாம் வீங்கியிருந்துச்சு. எடுக்கவே முடியல. அந்த வாரமே உன்ன ஊர்ல கொண்டுபோய் விட்டேன். அங்க இருந்தா கதவாவது தெறந்திருக்கும்னுதான்.”

“எனக்கு ஞாபகமே இல்லையே.”

“இல்லாமலே இருக்கட்டும்.”

“உனக்கு என்னப் புடிக்கல, அதான் ஊர்ல விட்டன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அதற்கு மெய்ஃபெங் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நடைபாதைக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் கேட்பது தப்பென்று பட்டது.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா ஹோ இரண்டாவது மாடியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “பூட்ட உடைச்சீங்க, சரி. கொண்டியையும் சேத்தா பேத்தெடுப்பாங்க? அந்தக் கதவு எங்க மாமனார் போட்டது!”

மெய்ஃபெங் வேலைக்குக் கிளம்பி வந்தவள் நின்றாள். “கொண்டிய நான் மாட்டித் தரேன். ஆனா அந்தப் புள்ள மேல இனி வெளிப்பூட்டு விழக் கூடாது. நீங்களே பகலெல்லாம் வீட்லதான இருக்கீங்க? ஒரு கண்ணு வச்சா என்ன?”

“நான் எங்க வீட்ல இருக்கேன்? எனக்கு மாஜோங் இருக்கு!” என்றாள் ஹோ அம்மா, ஏதோ அலுவலகம் போகிறவள்போல.

நான் சும்மா இருக்கவில்லை. “அந்த மாஜோங்க இங்க கீழ்த்தளத்துல போட்டு ஆடுங்களேன். பைக் நிறுத்தற எடம் பாதி காலியாத்தான கெடக்கு. ஆட்டமும் ஆச்சு, காவலும் ஆச்சு.”

ஹோ அம்மா முறைத்தாள். பக்கத்திலேயே சுன்யான் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். பையன் ஹோ அம்மாவின் கழுத்துப் பச்சைக்கல் தாயத்தை எட்டிப் பிடித்து, “பாட்டி, இது மிட்டாயா?” என்று கேட்டான். அவள் முறைப்பு அத்தோடு கரைந்துவிட்டது. “பாட்டியா? அத்தைன்னு சொல்லுடா!” என்றாள்.

அன்று மத்தியானமே மாஜோங் மேசை கீழ்த்தளத்துக்கு வந்தது. பைக்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, ஓலைப்பாய் விரித்து, பெரிய மின்விசிறி ஒன்றையும் ஹோ அம்மாவே இறக்கி வைத்தாள். துவான்துவான் மட்டும்தான் என்று நினைத்தோம். பார்த்தால், சந்தின் மற்றக் கட்டடங்களில் அறைக்குள் இருந்த பிள்ளைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, எத்தனை கதவுகள் பூட்டிக் கிடந்தன என்று. பெரிய அண்டாவில், உடம்புச் சூட்டைத் தணிக்கும் பச்சைப்பயறுத் தண்ணீர் காய்ச்சி வைத்துவிட்டுப் போவது எங்கள் முறை. அதை ஆற்றி ஊற்றிக் கொடுப்பது யூனின் வேலை. மத்தியானத்துக்குமேல் அவள்தான் பொறுப்பு.

காலையில் அவள் வகுப்புக்குத்தான் போனாள். மெய்ஃபெங் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கணக்கு மட்டும். சூப்பர்வைசர் லுவோ அவளுடைய அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை சுத்தியலோடு கிளம்பினால் வேலையில்லை என்று எச்சரித்த அன்றே, அவள் டியூஷன் சென்டருக்குப் போய் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டாள். அந்தப் பையன்கள் கேலி செய்ததை யூன் அவளிடம் சொல்லியிருந்தாள்போல. ஆசிரியரிடம், “எம் பொண்ணு இழுத்துப் பேசுவா. நானும் இழுத்துத்தான் பேசுவேன். சிரிக்கறவங்களுக்கு நீங்க மொதல்ல மரியாதையச் சொல்லிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

பிள்ளைகள் சண்டை போட்டன, ஒன்றையொன்று கடித்தன, பைக் கண்ணாடி ஒன்றை உடைத்தன. யூன் தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒருநாள் அழுதுகொண்டே வந்து, “இனிமே முடியாது பெரியம்மா, இதுங்க புள்ளைங்களா குரங்குங்களா?” என்றாள். மறுநாள் அவளே முதல் ஆளாகப் பாயை விரித்தாள். துவான்துவான் மாஜோங் மேசையடியில் உட்கார்ந்து, கழித்த காய்களைப் பார்த்துப் பார்த்தே ஒன்பது வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டான். பத்து மட்டும் வரவில்லை. மாஜோங் காயில் பத்து கிடையாதே, ஒன்பதுக்குமேல் திசைக் காய்கள்தான். “ஒம்போதுக்கு அப்புறம் கிழக்கு, தெற்கு” என்று அவன் எண்ணினால் கிழவிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கும் அன்று ஓய்வு. மெய்ஃபெங் முதல்நாளே திட்டம் போட்டுவிட்டாள். காலையில் புத்தகக் கடை, பிறகு அறிவியல் காட்சியகம், பிறகு பள்ளிக்குப் புதுச் செருப்பு. “ஊருக்குப் போறதுக்குள்ள நாலு நல்லதப் பாக்கட்டும்” என்று என்னையும் கிளம்பச் சொல்லியிருந்தாள்.

நான் குளித்து, தலை வாரி, குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. சும்மா சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன். தாயும் மகளும் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்கள். தூங்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மெய்ஃபெங்கின் வயிற்றின்மேல் யூனின் கால் கிடந்தது.

“என்னடி, கிளம்பலையா?” என்றேன்.

“இவ எங்கயும் வர மாட்டாளாம்” என்றாள் மெய்ஃபெங். “எங்கூடச் சும்மா படுத்திருக்கணுமாம். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

சொல்லிப் பார்த்தவள் மாதிரித் தெரியவில்லை. வெளியே போகும் உடுப்பைக்கூட அவள் எடுத்து வைத்திருக்கவில்லை.

“அப்ப புத்தகக் கடை?”

“அடுத்த லீவுக்குப் போகட்டும். வெய் அக்கா, நீயும் வந்து படு. காத்து இங்கதான் நல்லா வருது.”

யூன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். குடையைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு நானும் போய்ப் படுத்தேன். மதியச் சோறு ஆக்கும் நேரமும் தாண்டியது. எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.